தோலில் ஏறிய தூண்டில் முள்ளும் படகில் இருக்க வேண்டிய சிறு வெட்டியும்: திருவொற்றியூர் ஃபைபர் படகு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து நால்வரோடு சென்ற ஃபைபர் படகு ஒன்றில் நேர்ந்த காயத்தையும், அதன் பிறகு அந்தப் படகுக்கு ஏற்ற வெட்டும் கருவியைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில்தான் படகு உரிமையாளர் என்னிடம் வந்தார். காயத்தின் மருத்துவப் பகுதியைச் சிகிச்சை அளித்த மருத்துவர் சொன்னபடியும், பொதுவாக ஏற்கப்பட்ட முதலுதவி முறைகளின்படியும் எழுதியிருக்கிறேன். கருவியைப் பற்றிய பகுதிக்கு நானே பொறுப்பு. உடன்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நடந்தது

எண்ணூருக்குக் கிழக்கே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டத்தில், அவர்கள் வஞ்சிரத்துக்காக லூர் எனப்படும் போலி மீனைப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு சென்றிருக்கிறார்கள். அந்த லூரின் வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு மும்முனை முட்கள் இருந்தன. வால்முள்ளில் சிக்கிய மீனைப் படகுக்குள் இழுத்துப் போட்டபோது அது துள்ளியதில், வயிற்றுப் பக்கத்து மும்முனை முள்ளின் ஒரு முனை, மீனைப் பிடித்திருந்த இளைஞரின் இடது கையில் கட்டைவிரலின் அடிச்சதையில், முள் பின்னால் வராமல் தடுக்கும் எதிர்முள் மறையும் அளவுக்கு ஏறிவிட்டது. அடுத்த சில நொடிகளில் மீன், லூர், தங்கூசி எனப்படும் தூண்டில் நரம்பு, கை ஆகிய நான்கும் ஒரே பிணைப்பாக இருந்தன. மீன் துள்ளும் ஒவ்வொரு முறையும் முள் சதைக்குள் இன்னும் கொஞ்சம் திருகியது.

மூத்தவர் மீனின் தலையில் கட்டையால் அடித்து அதன் துள்ளலை நிறுத்தினார். மற்றொருவர் தங்கூசியைக் கத்தியால் அறுத்தார். இவை இரண்டும் சரியான செயல்கள், சரியான வரிசையிலும் நடந்தன. அதன் பிறகுதான் தடுமாற்றம் வந்தது. எஞ்சின் பெட்டியில் இருந்த எட்டு அங்குலக் கட்டிங் பிளேயரை எடுத்து முள்ளின் தண்டை வெட்டப் பார்த்தார்கள். இரு கைகளாலும் அழுத்தியும் தண்டில் ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே விழுந்தது. பிளேயரின் வெட்டும் விளிம்பில்தான் பள்ளம் விழுந்தது. "முள்ளு அறலண்ணா, பிளேயரு வாயிதான் போச்சு" என்று அந்த இளைஞரே பிறகு என்னிடம் சொன்னார். படகு ஆடிய ஆட்டத்தில், வெளியே நின்ற மற்ற இரு முனைகளில் ஒன்று பிளேயர் பிடித்தவரின் விரலையும் கீறியது.

கடைசியில் மீனின் தாடையைக் கத்தியால் பிளந்து மீனை விடுவித்து, லூர் தொங்கும் கையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி கரைக்குத் திரும்பினார்கள். கரையில் ஒருவர் இருபத்து நான்கு அங்குலப் போல்ட் கட்டரைக் கொண்டுவந்தார். காயம்பட்ட கைக்கு அருகே அவ்வளவு பெரிய வாயைக் கொண்டுபோக வேண்டாம் என்று மூத்தவர் தடுத்துவிட்டார். அந்த முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். முள் அசையாதபடி ஒரு பேப்பர் டம்ளரைக் கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டி, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே விரல்நுனியில் உணர்வு இருக்கிறதா, விரல் முழுமையாக மடங்கி நிமிர்கிறதா என்று முதலில் பார்த்திருக்கிறார்கள். பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டு, முனையைத் தோல் வழியே முன்னோக்கித் தள்ளி வெளியே எடுத்து, எதிர்முள்ளை வெட்டி நீக்கி, எஞ்சிய தண்டை வந்த வழியே பின்னுக்கு இழுத்து எடுத்திருக்கிறார்கள். எலும்பில் செலுத்தும் கம்பிகளை நறுக்குவதற்கு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் வெட்டியே அதற்குப் பயன்பட்டது. காயம் கெடாமல் ஆறி, அவர் தொழிலுக்குத் திரும்பிவிட்டார்.

வெட்டியின் முதல் வேலை எது?

இந்த நிகழ்வைக் கேட்டவர்களில் பெரும்பாலோர், முள்ளைக் கடலிலேயே பிடுங்கி எடுக்க ஒரு கருவி வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார்கள். படகு உரிமையாளரும் அதையே கேட்டார். நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் தேவை வேறு என்று புரிகிறது. அந்த இளைஞர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பட்ட வேதனைக்கு, சதைக்குள் இருந்த அரை அங்குல இரும்பை விட, அதோடு சேர்ந்து தொங்கிய லூரும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரு முனைகளும்தான் பெரிய காரணம். அலையில் படகு எழும்பி விழும்போதெல்லாம் லூர் ஆடி, முள்ளை நெம்பியது. ஆகவே படகில் இருக்கும் வெட்டியின் முதல் வேலை, மனிதனை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிப்பது. முள்ளைச் சதையிலிருந்து எடுப்பது பெரும்பாலான நேரங்களில் கரையில், சுத்தமான நீரும் வெளிச்சமும் மருத்துவரும் இருக்கும் இடத்தில் நடக்க வேண்டிய வேலை.

இந்தக் கோணத்தில் பார்த்தபோது, படகில் இருந்த யாருக்கும் தோன்றாத ஒரு வழி கண்ணில் பட்டது. மும்முனை முள்ளை லூரோடு இணைப்பது சாவிக்கொத்தில் இருப்பதைப் போன்ற இரட்டைச் சுற்று வளையம். அதன் கம்பி முள்ளின் தண்டை விட மிகவும் மெல்லியது. அந்த வளையத்தை வெட்டியிருந்தாலோ, கூரிய மூக்குள்ள குறட்டால் விரித்திருந்தாலோ, லூரும் அதன் வால்முள்ளில் மாட்டியிருந்த மீனும் ஒரு கணத்தில் கையை விட்டுப் போயிருக்கும். அவர்களிடம் இருந்த பிளேயரே அந்த வளையத்துக்குப் போதுமானது. அதைப் பட்டறையில் வெட்டியே பார்த்தோம், சிரமமின்றி அறுந்தது. கருவியை வாங்கும் முன் எதை வெட்டப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும் என நான் வலியுறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வளையம் எட்டாதபோது வெளியே நிற்கும் இரு முனைகளையும் வளைவில் வைத்து நறுக்கிவிட வேண்டும். அதற்கு அடுத்துத்தான் ஏறியிருக்கும் முள்ளின் தண்டு. அதை வெட்ட நேர்ந்தால் தோலுக்கு மேலே விரல்களால் பிடிக்கும் அளவுக்கு, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டராவது, மிச்சம் விட வேண்டும். தொல்லை ஒழிந்தது என்று தோலை ஒட்டி நறுக்கிவிட்டால், எதிர்முள் உள்ளே, பிடிப்பதற்கு வெளியே ஒன்றுமில்லை என்ற நிலை வரும். எளிதாக முடிந்திருக்கக்கூடிய சிகிச்சை அப்போது கத்தி வைத்துத் தேடும் சிகிச்சையாகிவிடும். மருத்துவர் நூல் முறையைக் கையாள விரும்பினாலும் வளைவும் தண்டும் முழுமையாக வெளியே இருக்க வேண்டும். 1961இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் எழுதி உலகெங்கும் பரவிய முறை அது: முள்ளின் காதை, அதாவது தங்கூசி கட்டும் துளையுள்ள முனையை, தோலை நோக்கி அழுத்தி, வளைவில் நூலைக் கோத்து, தண்டுக்கு இணையாக ஒரே வெடுக்கில் இழுப்பார்கள். ஒற்றை முள்ளுக்கும், அசையாத சதைப்பகுதிக்கும் மட்டுமே அது பொருந்தும். காது மடல் போல ஆடும் இடங்களில் அதைச் செய்யக் கூடாது.

பட்டறையில் பார்த்தவை

அந்தப் படகிலும் அதே குப்பத்தின் மற்றப் படகுகளிலும் புழங்கும் முட்களைச் சேகரித்து, வெர்னியர் அளவியால் தண்டின் தடிமனை அளந்தோம். சங்கராவுக்கான கைத்தூண்டில் முட்கள் சுமார் ஒரு மில்லிமீட்டர். காயத்தை உண்டாக்கிய மும்முனை முள் சுமார் இரண்டு மில்லிமீட்டர். சூரைக்குப் போடும் பெரிய முட்கள் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டின. முள்ளின் எண் இங்கே பலரைக் குழப்புகிறது. 1, 2, 4, 6 என்று எண் ஏறினால் முள் சிறியது. 1/0, 2/0, 6/0 என்று ஏறினால் முள் பெரியது. எண்ணை வைத்துத் தடிமனை ஊகிக்கவும் முடியாது. ஒரே எண்ணில் மெல்லிய கம்பியிலும் தடித்த கம்பியிலும் முட்கள் வருகின்றன. அளவியில் அளப்பதே வழி.

தடிமனைவிட முக்கியமானது கடினம். தூண்டில் முள் ஆணியைப் போன்ற மெத்தென்ற இரும்பு அல்ல. கரிமம் மிகுந்த எஃகை வளைத்துச் சூடேற்றிப் பதப்படுத்தியது. ராக்வெல் அளவையில் அதன் கடினம் பொதுவாக ஐம்பதை ஒட்டி இருக்கும். அதை வெட்டும் விளிம்பு அறுபதைத் தாண்டியிருந்தால்தான் வெட்டியவருக்கு வெற்றி, இல்லையென்றால் பள்ளம் விழுவது வெட்டியின் வாயில். செப்புக் கம்பிக்கும் கட்டுக்கம்பிக்கும் செய்யப்பட்ட பிளேயர் தோற்றதற்குக் காரணம் இதுதான். பிளேயரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அது செய்ய வேண்டிய வேலை வேறு.

நல்ல தயாரிப்பாளர்கள் மென்கம்பி, நடுத்தரக் கம்பி, கடினக் கம்பி, பியானோ கம்பி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் வரை வெட்டலாம் என்று அச்சிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஜெர்மனியின் க்னிப்பெக்ஸ் நிறுவனத்தின் 200 மில்லிமீட்டர் கோபோல்ட் என்னும் சிறு போல்ட் கட்டருக்குக் கடினக் கம்பியில் 4.0 மில்லிமீட்டர், பியானோ கம்பியில் 3.6 மில்லிமீட்டர் என்று குறித்திருக்கிறார்கள். தூண்டில் முள்ளுக்குப் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி இரண்டு எண்களை. அட்டையில் பெரிதாகத் தெரியும் எண் பெரும்பாலும் மென்கம்பிக்கானது, அதை நம்பி வாங்கினால் ஏமாற்றமே.

பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் கிடைத்தவற்றில் சிலவற்றையும், எங்கள் கைவசம் இருந்தவற்றையும் வைத்து, முட்களை வைஸ் எனப்படும் பட்டறை இறுக்கியில் பிடித்து வெட்டிப் பார்த்தோம். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான சிறு நிப்பர் ஒரு மில்லிமீட்டர் முள்ளிலேயே விளிம்பு உடைந்தது. மீன்பிடிக் கருவி என்று விற்கப்படும் அலுமினியக் குறடு பார்வைக்கு மிகப் பொருத்தமாக இருந்தது: எடை குறைவு, துருப்பிடிக்காது, உறையும் கயிறும் உண்டு. ஆனால் அதன் பக்கவாட்டில் பதித்திருக்கும் கார்பைடு துண்டுகள் தங்கூசியையும் பின்னல் நூலையும் அறுப்பதற்கானவை. கார்பைடு மிகக் கடினமானது, அதனாலேயே நொறுங்கக்கூடியது. இரண்டாவது முள்ளில் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்ற அந்தக் குறடு அருமையானது. முள்ளை வெட்ட அதை நம்பக் கூடாது. பல்நோக்குக் கைக்கருவி ஒன்று மெல்லிய முட்களை வெட்டியது, இரண்டு மில்லிமீட்டரில் பிடி கையில் நெளிந்தது.

போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று, அச்சாணி வாய்க்கு மிக அருகில் அமைந்த ஏழு அங்குலக் கனரகச் சைடு கட்டர். மற்றொன்று, இரட்டை நெம்புகோல் கொண்ட எட்டு அங்குலச் சிறு போல்ட் கட்டர். சைடு கட்டர் இரண்டு மில்லிமீட்டர் வரை ஒரே கையழுத்தத்தில் வெட்டியது. சூரை முள்ளில் திணறியது. போல்ட் கட்டர் சூரை முள்ளையும் வெட்டியது. இரண்டு மூட்டுகள் சேர்ந்து கையின் விசையைப் பெருக்குவதால், கை நடுங்கும் நிலையில் உள்ளவராலும் அதை அழுத்த முடியும்.

வைஸில் வெட்டுவதோடு நிறுத்தியிருந்தால் போல்ட் கட்டரே போதும் என்று முடித்திருப்போம். அடுத்து, தோலோடு வாங்கிய கோழித்தொடையில் முட்களை எதிர்முள் வரை ஏற்றி, அங்கே கருவியின் வாய் நுழைகிறதா என்று பார்த்தோம். இந்தச் சோதனையை எல்லோருமே வீட்டில் செய்து பார்க்கலாம், செய்து பார்க்கவும் வேண்டும். தோலுக்கும் முள்ளின் வளைவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். தடித்த மூக்குள்ள மலிவான போல்ட் கட்டர் ஒன்றை அதற்குள் நுழைத்தபோது, வெட்டுவதற்கு முன்பே அது முள்ளை ஆப்பு போல நெம்பித் தோலை மேலே தூக்கியது. கோழித்தோல் கிழிந்ததைப் பார்த்த படகு உரிமையாளர் அந்தக் கருவியைத் தொடவே மறுத்துவிட்டார். சைடு கட்டரின் மெல்லிய மூக்கு அதே இடத்தில் தோலைத் தொடாமல் நுழைந்து, மும்முனையின் வெளி முனைகளைச் சுத்தமாக நறுக்கியது. வலிமையான வாய் தடிப்பாகத்தான் இருக்கும், மெல்லிய வாய்க்கு வலிமை குறையும். இந்த இழுபறியே இந்தத் தேர்வின் மையம், இரண்டையும் ஒருசேர முழுமையாகத் தரும் கருவி எதுவும் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை.

பிடியின் விரிவையும் கடையிலேயே பார்க்க வேண்டும். சில எட்டு அங்குலப் போல்ட் கட்டர்களை முழுமையாகத் திறந்தால் இரு பிடிகளும் ஒரு சாண் அகலத்துக்குப் போய்விடுகின்றன. அவற்றை ஒரு கையால் மூடவே முடியாது. தனியாகத் தூண்டில் போடுபவருக்குக் காயம் ஒரு கையில் என்றால், அவரிடம் எஞ்சுவது மறு கை மட்டுமே. ஆகவே, தானாகத் திறக்கும் வில்லும், ஒரு விரலால் விடுவிக்கும் பூட்டும் உள்ள கருவியை, கையை நனைத்துக்கொண்டு, வலது கையாலும் இடது கையாலும் திறந்து மூடிப் பார்த்து வாங்க வேண்டும். இடது கையால் முடியவில்லை என்றால் அந்தக் கருவி பாதி நேரத்துக்குத்தான் உதவும்.

தேர்வும் அதன் காரணமும்

அந்தப் படகுக்கு, மெல்லிய மூக்கும் ஒருகைப் பிடியும் கொண்ட எட்டு அங்குலச் சிறு போல்ட் கட்டரையும், வளையத்தை விரிக்க ஒரு நீள்மூக்குக் குறட்டையும் தேர்ந்தோம். சூரைக்கும் போகிற படகு என்பதால் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிய முள்ளை வெட்டும் திறன் தவிர்க்க முடியாததாக இருந்தது. எண்ணூர் முகத்துவாரத்திலும் கற்களின் மேலும் நின்று சிறு முட்களால் கொடுவாயும் கெளுத்தியும் பிடிப்பவர்களுக்கு இதே பரிந்துரையை நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஏழு அங்குலக் கனரகச் சைடு கட்டரே மேல். மூக்கு மெல்லியது, சட்டைப்பையில் அடங்கும், விலையும் குறைவு. பெட்டியில் இருக்கும் மிகத் தடித்த முள் எதுவோ அதை வெட்டக்கூடிய கருவிகளில், மிக மெல்லிய மூக்கு உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே எங்கள் அளவுகோல்.

பங்குனி ஆமைகள் கரை தேடி வரும் மாதங்களில் இதே வெட்டி இன்னொரு வகையிலும் உதவும். தூண்டிலில் ஆமை மாட்டிக்கொண்டால், முள்ளைப் பிடுங்கி அதன் தொண்டையைக் கிழிக்காமல், வெளியே தெரியும் முள்ளையும் தங்கூசியையும் முடிந்தவரை நெருக்கமாக வெட்டிவிடுவது அதற்கும் நல்லது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்பதால் படகோட்டிக்கும் நல்லது.

கருவியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தவை

கடின எஃகு அறும்போது வெட்டுண்ட துண்டு பறக்கும். பட்டறையில் நறுக்கிய முனை ஒன்று எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஆகவே வெட்டும் இடத்தின் மேல் ஈரத்துண்டைப் போர்த்தி, சுற்றியிருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வெட்டுபவர் கண்ணாடி அணிய வேண்டும், வெயிலுக்குப் போடும் கண்ணாடியாக இருந்தாலும் பரவாயில்லை. கையில் மோதிரமோ கயிறோ இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிட வேண்டும். அந்த இளைஞர் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு மருத்துவமனைக்குப் போகும்போது சதையில் பதிந்திருந்தது.

முள் கண்ணிலோ இமையிலோ ஏறினால் வெட்டியைக் கையில் எடுக்கவே கூடாது. முள்ளைத் தொடாமல், அழுத்தாமல், டம்ளரைக் கவிழ்த்து மூடி, தங்கூசியை மட்டும் கத்தரித்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வடசென்னையிலிருந்து எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அதிகத் தொலைவில் இல்லை. கழுத்து, மூட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் ஆகிய இடங்களுக்கும், விரல் மடங்காத அல்லது மரத்துப்போன நிலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தசைநாரோ நரம்போ பட்டிருந்தால் அது கை அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டியது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது, அது நம் பகுதியிலேயே இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முள் தானாகக் கழன்று வந்துவிட்டாலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை ஏற்கச் செய்வதுதான் குப்பத்தில் கடினமாக இருந்தது. அழுக்கான குத்துக்காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் போட வேண்டும். அதோடு, காயம் கடல்நீரிலும் மீனிலும் பட்டது என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடல்நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் வேகமாகப் பரவும் தொற்றை உண்டாக்கும், அவற்றுக்கான மருந்துத் தேர்வும் மாறும். நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு இதில் ஆபத்து கூடுதல். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாரக்கணக்கில் ஆறாத முடிச்சு எழுந்தாலோ மறுபடியும் போய்க் காட்ட வேண்டும்.

கருவிப் பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் செய்யாமல் விட்டால் வாங்கியதே வீண். வெட்டியின் விளிம்பு துருப்பிடிக்கும் எஃகுதான். கடினமும் துருவெதிர்ப்பும் ஒருசேரக் கிடைப்பது அரிது. ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மூட்டுகளிலும் வில்லிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைக்க வேண்டும். எஞ்சின் பெட்டியில் ஸ்பேனர்களோடு போட்டால் நங்கூரக் கம்பியையும் ஆணியையும் வெட்டிப் பார்த்து விளிம்பைக் கெடுத்துவிடுவார்கள். அந்தப் படகில் இப்போது டப்பா, ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே, முதலுதவிப் பெட்டியோடு கயிற்றில் கட்டியிருக்கிறது. விசைப்படகுகள் கரையேறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் பட்டறைக்கு வரும் மற்றப் படகுக்காரர்களிடமும், தங்கள் பெட்டியின் மிகத் தடித்த முள்ளையும் கைவசமுள்ள வெட்டியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வைஸில் வைத்து ஒரு முறை வெட்டிப் பார்த்துவிட்டால், அந்த வெட்டி கடலுக்கு ஆகுமா ஆகாதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.